மீதி ஐம்பதை வைத்து எந்தச் சாரத்தில் ஏறுவது?

எங்கள் சித்தப்பா கொத்தனார். பூச்சு வேலை நடந்துகொண்டிருந்த ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து, இரண்டாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தார். இடது பக்கம் இடுப்பு மூட்டும் முழங்காலும் நொறுங்கிப் போயின. இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்கிறார். ஆனால் கால் மடங்காது, ஊன்றுகோல் இல்லாமல் பத்தடி தாண்ட முடியாது. ஒன்றரை வருடம் கழித்து ஊனச் சான்றிதழுக்காக அரசு மருத்துவமனைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மருத்துவர் மூட்டின் மேல் கோணமானியை வைத்து எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்த்தார். இரண்டு கால்களின் நீளத்தையும் டேப்பால் அளந்தார். காலை உதைக்கச் சொல்லி, கையால் தடுத்து, தசையின் பலத்துக்கு மார்க் போட்டார். எல்லாவற்றையும் பொறுமையாக, சரியாகத்தான் செய்தார். வந்த சான்றிதழில் 50 சதவீதம் என்று இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டச் சொன்னார் சித்தப்பா. கேட்டுவிட்டு, "ஐம்பதுன்னு எழுதிருக்காங்களா தம்பி? சரி. மீதி ஐம்பதை வெச்சுக்கிட்டு நான் எந்தச் சாரத்துல ஏறுறது?" என்றார்.

உழைக்க முடியாமல் போனவருக்கு அரசு தரும் பணத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் என் முன்னால் வந்து நிற்கிறது. அந்தப் பணம் எதற்காகத் தரப்படுகிறது, எதை அளந்து தரப்படுகிறது என்ற இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இது எப்படி நேர்ந்தது, இதைச் சரிசெய்ய நம் நாட்டுச் சட்டத்திலேயே என்ன இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டை வைத்துப் பார்க்கலாம்.

இரண்டு அலுவலகம், இரண்டு தொகை

தமிழ்நாட்டில் இந்த உதவி இரண்டு வழிகளில் வருகிறது. ஊர்ப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், 'பென்ஷன்'. அதனாலேயே பலர் எங்கே போய்க் கேட்பது என்று தெரியாமல் அலைகிறார்கள்.

ஒன்று, வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று இருக்கும் தனி வட்டாட்சியர் ஆணை போடுவார். 18 வயது நிரம்பி, 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ள, பிழைக்க வழியில்லாத ஏழைகளுக்கானது இது. மாதம் 1,000 ரூபாயாக இருந்தது. 2022 டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று முதலமைச்சர் அறிவித்தபடி, 2023 ஜனவரி முதல் 1,500 ஆனது. அப்போது பயனாளிகள் சுமார் 4.39 லட்சம் பேர்.

இன்னொன்று, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். 75 சதவீதத்துக்குக் குறையாத கடும் பாதிப்பு உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயிலிருந்து குணமானவர்கள், முதுகுத் தண்டுவடம் அடிபட்டவர்கள் போன்றோருக்கானது இது. இவர்களில் எந்நேரமும் ஒருவர் துணை தேவைப்படுபவர்களுக்கு, பார்த்துக்கொள்பவருக்கென்று மேலும் 1,000 ரூபாய் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை வாழ்நாள் சான்று கொடுத்தால்தான் தொகை தொடரும்.

இரண்டில் ஒன்றைத்தான் ஒருவர் வாங்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

சித்தப்பாவுக்கு 50 சதவீதம். ஆகவே வருவாய்த் துறை வழி, 1,500 ரூபாய். எங்கள் பக்கம் இன்று கொத்தனாருக்கு நாள் கூலி ஆயிரம். மாதம் முழுவதற்கும் அரசு கொடுப்பது அவருடைய ஒன்றரை நாள் கூலி.

மத்திய அரசின் 300 ரூபாய்

அரசியல் சாசனத்தின் 41-வது பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய், உடல் முடக்கம் ஆகிய நிலைகளில் குடிமக்கள் அரசின் உதவியைப் பெற அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி. 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்ற வரியும் அதில் சேர்ந்தே இருக்கிறது. கொடுக்கவில்லை என்று அந்தப் பிரிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றம் போக முடியாது.

மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15-ல் தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது அதில் முதியோருக்கு இடம் இருந்தது, மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லை. அவர்களுக்கான இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம் வர 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொடங்கும்போது மாதம் 200 ரூபாய். 2012-ல் 300 ஆனது. அதோடு நின்றுவிட்டது.

நுகர்வோர் விலைக் குறியீட்டில் 2012-ஐ 100 என்று வைத்தால் இப்போது அது இருநூறை ஒட்டி நிற்கிறது. அதாவது, அன்றைய 300 ரூபாயில் வாங்கியதில் பாதியைத்தான் இன்றைய 300 ரூபாயில் வாங்கலாம். எந்த அறிவிப்பும் இல்லாமல், யாரும் கையெழுத்துப் போடாமல், ஓய்வூதியம் பாதியாகிவிட்டது. நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழு இந்தத் தொகையை உயர்த்தும்படி ஆண்டுக்கு ஆண்டு சொல்லிக்கொண்டே வருகிறது. ஆனால் முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் என்று எல்லோருக்குமான மொத்த ஒதுக்கீடும் சில ஆண்டுகளாக 9,650 கோடி ரூபாயைச் சுற்றியே நிற்கிறது.

அந்த 300-ம் எல்லோருக்கும் இல்லை. 80 சதவீத ஊனம் இருக்க வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நாடு முழுவதற்கும் சுமார் 10.6 லட்சம் பேர்தான் என்று உச்சவரம்பும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர் என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். மீதிச் சுமையை மாநிலங்கள்தான் தூக்குகின்றன. அதனால் ஒருவர் எவ்வளவு வாங்குவார் என்பதை அவருடைய பாதிப்பைவிட அவர் வாழும் மாநிலமே அதிகம் முடிவு செய்கிறது.

சதவீதம் எப்படி வருகிறது

சான்றிதழில் உள்ள எண்தான் எல்லாக் கதவுகளுக்கும் சாவி. 40 ஒரு கதவு, 75 இன்னொன்று, 80 வேறொன்று. அந்த எண்ணை எப்படிப் போடுவது என்று மத்திய அரசு 2018-ல் அரசிதழில் விரிவான வழிகாட்டுதல் வெளியிட்டது. 2024-ல் அதைத் திருத்தியது. ஒருவருக்கு இரண்டு வகைப் பாதிப்பு இருந்தால் இரண்டையும் அப்படியே கூட்டிவிட முடியாது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். 90-லிருந்து அதைக் கழிக்க வேண்டும். மிஞ்சியதைச் சின்ன எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுக்க வேண்டும். வந்ததைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். ஒருவருக்குப் போலியோவால் காலில் 60 சதவீதம், பார்வையில் 40 சதவீதம் பாதிப்பு என்று வைத்துக்கொள்வோம். 90-ல் 60 போனால் 30. அதை 40-ஆல் பெருக்கினால் 1,200. 90-ஆல் வகுத்தால் 13.3. ஆக மொத்தம் 73.3. பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 வேண்டும். ஒன்றே முக்கால் சதவீதத்தில் போயிற்று. காலில் 70, பார்வையில் 40 உள்ளவருக்கு இதே கணக்கில் 78.9 வரும். அவர் மத்திய அரசின் 80-ஐத் தொட முடியாது.

கணக்கில் தவறு இல்லை. எத்தனை பாதிப்புகள் இருந்தாலும் மொத்தம் நூறைத் தாண்டக்கூடாது என்பதற்காக மருத்துவர்கள் யோசித்து வைத்த சூத்திரம் அது. ஆனால் காலும் கண்ணும் சேர்ந்து கெட்டவருக்கு அன்றாட வாழ்வில் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. ஊன்றுகோலை எங்கே ஊன்றுவது என்று பார்க்கக் கண் வேண்டும். கண் தெரியாமல் தடுமாறினால் சமாளித்து நிற்கக் கால் வேண்டும். இரண்டாவது குறை முதல் குறையைப் பெருக்குகிறது. சூத்திரமோ இரண்டாவது குறையைச் சுருக்குகிறது. உடம்பை விவரிக்க உருவாக்கிய ஒரு கணக்கைச் சோற்றுக்கான தகுதிக் கணக்காக ஆக்கியதுதான் சிக்கல்.

வேடிக்கை பார்க்க முடியாத இன்னொன்றும் இதில் உண்டு. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைப் பாதிப்புகளை அங்கீகரிக்கிறது. முந்தைய 1995 சட்டத்தில் ஏழுதான். பார்கின்சன், தலசீமியா, ஹீமோபிலியா, அமில வீச்சில் பாதிக்கப்பட்டோர் என்று பலரும் இப்போது உள்ளே வந்திருக்கிறார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கும் சிறுநீரக நோயாளிக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு முட்டும் இதய நோயாளிக்கும் இல்லை. இவர்களுக்குச் சான்றிதழும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. வேலைக்குப் போக முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

மனநோய்க்கான அளவுகோலில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கு தலைப்புகளில் மதிப்பெண் போடுகிறார்கள். 'வேலை' என்ற கேள்வி அங்கே நேரடியாகக் கேட்கப்படுகிறது. கொத்தனாரின் காலை அளக்கும்போது அந்தக் கேள்விக்கு இடம் இல்லை.

கையை இழந்த தச்சர்

வேலை இழப்பை எப்படி அளப்பது, அது சிக்கலான காரியம் ஆயிற்றே என்று சொல்பவர்கள் உண்டு. இந்தியாவில் அதை நூறு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையில் அடிபட்டவருக்கு 'சம்பாதிக்கும் திறன்' எவ்வளவு குறைந்தது என்று பார்த்தே இழப்பீடு தரச் சொன்னது. சினிமா கொட்டகை ஒன்றில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. சட்டத்தின் அட்டவணைப்படி அது முழு முடக்கம் ஆகாது. ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு நூறு சதவீதம் என்று தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் சொன்னார். முதலாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1970-களின் நடுவில் உச்ச நீதிமன்றம் ஆணையர் சொன்னதே சரி என்று தீர்ப்பளித்தது.

2010-ல் ஒரு சாலை விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக விளக்கியது. இடது கை போனால் உடல் ஊனம் 60 சதவீதம் என்று மருத்துவர் எழுதலாம். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாத்தியத்தில் இழப்பு கிட்டத்தட்ட நூறு. அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையே போகாமல் இருக்கலாம். மருத்துவர் சொல்லும் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பின் சதவீதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்த ஆள் என்ன வேலை செய்தார், இனி என்ன செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். இன்றும் தமிழ்நாட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயங்களில் வழக்கறிஞர்கள் தினந்தோறும் எடுத்துக் காட்டுவது இதைத்தான்.

இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கும் இதே முறைதான். வேலையில் அடிபட்டு முழுமையாக முடங்கிவிட்டால் சம்பளத்தில் 90 சதவீதம் மாதாமாதம், அந்த முடக்கம் இருக்கும் வரை. பகுதி முடக்கம் என்றால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனதோ அந்த விகிதத்தில். 15,000 ரூபாய் சம்பளக்காரர் முழுமையாக முடங்கினால் சுமார் 13,500 கிடைக்கும். 2025 நவம்பர் முதல் இந்தப் பழைய சட்டங்கள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. ஆனால் சம்பாதிக்கும் திறனைப் பார்க்கும் முறை மாறவில்லை.

ஆக, அடிபட்ட உடம்பு ஒன்றுதான். கம்பெனிச் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால் அதற்கு ஒரு அளவுகோல். விபத்துக்கு ஒரு வண்டி காரணமாக இருந்து, வழக்குப் போட்டால் அதே அளவுகோல். வயல்காட்டில் பாம்பு கடித்தோ, பக்கவாதம் வந்தோ, மேஸ்திரியிடம் தினக்கூலிக்கு வேலை செய்த இடத்தில் விழுந்தும் இழப்பீட்டு வழக்குப் போடாமலோ முடங்கினால் வேறு அளவுகோல். சித்தப்பாவை வேலைக்கு வைத்த மேஸ்திரி ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருபதாயிரம் கொடுத்தார். அதோடு சரி. அவரே இன்னொருவரிடம் சப்-காண்டிராக்ட் எடுத்தவர். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் சித்தப்பாவின் பதிவு செல்லுபடியாக இருந்திருந்தால் முடக்க ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருக்கலாம். பதிவைப் புதுப்பிக்கும் தேதி தாண்டி எட்டு மாதம் ஆகியிருந்தது.

வருமானம் வேறு, செலவு வேறு

முதலில் சொன்ன இரண்டு பெயர்களுக்கு வருகிறேன். 'ஓய்வூதியம்' என்ற சொல்லில் நின்றுபோன வருமானம் இருக்கிறது. 'பராமரிப்பு' என்ற சொல்லில் கூடிப்போன செலவு இருக்கிறது. முடங்கியவர் வீட்டில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. தண்டுவடம் அடிபட்டவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சிறுநீர்க் குழாயும் பையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை, வந்துவிட்டால் கட்டுப்போடும் துணி, மருந்து. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ, ஏற்றி இறக்க இன்னொரு ஆள். அவரைப் பார்த்துக்கொள்ள அம்மாவோ மனைவியோ வேலையை விட்டிருப்பார். அங்கே இன்னொரு கூலியும் போயிற்று.

பிரிட்டனில் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வேலை செய்ய முடியாதவருக்கு வருமானத்துக்காக ஒரு தொகை. உடல்நிலையால் கூடும் செலவுக்காக இன்னொரு தொகை; இதை வேலைக்குப் போகிறவரும் வாங்கலாம், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை. இந்த இரண்டுக்கும் அங்கே நடக்கும் மதிப்பீடுகள் கடுமையானவை, மனிதத்தன்மை இல்லாதவை என்று பல வருடமாகப் போராட்டம் நடக்கிறது. அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. தேவைகள் இரண்டு என்று ஒப்புக்கொண்டதை எடுத்துக்கொள்ளலாம்.

நம்மிடம் பெயர்கள் இரண்டாக இருக்கின்றன. தொகையை ஒன்றுதான் வாங்கலாம் என்று விதி வைத்துவிட்டோம்.

அமெரிக்காவின் முறையில் சித்தப்பாவின் கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. அங்கே 1956-ல் இந்த உதவியைத் தொடங்கியபோது 50 வயது தாண்டியவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள், பிறகு எல்லா வயதினருக்கும் விரித்தார்கள். பிழைப்புக்குப் போதுமான வேலை எதையும் செய்ய முடியாத நிலை குறைந்தது 12 மாதம் நீடிக்குமா என்று பார்க்கிறார்கள். அப்போது உடம்போடு சேர்த்து வயது, படிப்பு, இதுவரை செய்த வேலை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்பது விதி. ஐம்பத்தைந்து வயதில், அதிகம் படிக்காமல், வாழ்நாள் முழுக்க உடல் உழைப்பே செய்தவரிடம் 'உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போ' என்று எளிதில் சொல்லிவிட முடியாது. அங்கும் குறை நிறைய உண்டு. முதல் முறை விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் மறுக்கப்படுகிறார்கள், மேல்முறையீட்டில் வருடக்கணக்காகிறது. ஆனால் உதவி வாங்குபவர் ஒன்பது மாதம் வரை வேலை செய்து பார்க்கலாம், அதற்காக உதவி நின்றுவிடாது. முடிந்தால் தொடரலாம், முடியாவிட்டால் உதவி இருக்கிறது.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நம் ஊரில் முடங்கியவர் ஒருவர் வாசலில் பெட்டிக்கடை போடவே யோசிக்கிறார். யாராவது மனுப் போட்டு, 'கடை வைத்துச் சம்பாதிக்கிறார்' என்று விசாரணை வந்து, பென்ஷன் நின்றுவிட்டால்? கடை ஆறு மாதத்தில் நொடித்துப் போனால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், விசாரணை, அலைச்சல். அந்தப் பயத்தில் செய்ய முடிந்த கொஞ்ச வேலையையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைச் சோம்பேறி என்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆந்திராவைப் பார்த்துக் கேட்பது ஏன்

2024 ஜூலை முதல் ஆந்திரப் பிரதேசத்தில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 3,000-லிருந்து 6,000 ரூபாய். சக்கர நாற்காலியிலோ படுக்கையிலோ முழுவதுமாக முடங்கியவருக்கு 15,000. சிறுநீரக நோய் முற்றியவர்கள், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு 10,000. தெலங்கானாவில் 2023 ஜூலையிலிருந்து 4,016. நம் ஊர் மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் கோட்டை நோக்கிப் போகும்போதும், ஆட்சியர் அலுவலக வாசலில் உட்காரும்போதும் 'ஆந்திராவைப் போல' என்று முழங்குவதன் காரணம் இதுதான். திருத்தணியைத் தாண்டினால் தொகை நான்கு மடங்கு என்றால் யார்தான் கேட்கமாட்டார்கள்?

ஆந்திராவில் தொகை பெரியது மட்டும் இல்லை. டயாலிசிஸ் நோயாளியை அங்கே உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். முடங்கிக் கிடப்பவருக்கும் நடமாட முடிந்தவருக்கும் வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். சதவீதத்தை மட்டும் பார்க்காமல் நிலைமையைப் பார்க்கும் திசையில் அது ஓர் அடி. அதேசமயம், தொகை கூடினால் சந்தேகமும் கூடும் என்பதையும் அங்கே பார்த்தோம். 2025-ல் போலிச் சான்றிதழ்களைக் களைகிறோம் என்று மறுபரிசோதனை நடந்தது. ஏராளமானவர்களுக்கு நோட்டீஸ் போனது. உண்மையாகவே முடங்கியவர்களும் தூக்கிக்கொண்டு வரப்பட்டு வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகு அரசு பின்வாங்கியது.

தமிழ்நாட்டின் தொகையைச் சட்டப்படி குறை சொல்ல முடியாது. 2016 சட்டத்தின் 24-வது பிரிவு, மற்றவர்களுக்கான இதே மாதிரித் திட்டத்தைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்குத் தர வேண்டும் என்கிறது. 2023 ஆகஸ்டில் இங்கே முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனது. அதற்கு 25 சதவீதம் கூட்டினால் 1,500. ரூபாய் பிசகாமல் பொருந்துகிறது. முதியோருக்கான தொகையே ஒருவர் மாதம் முழுவதும் சாப்பிடப் போதாது என்னும்போது, அதற்கு மேல் கால்வாசி சேர்ப்பதால் என்ன கிடைக்கும்? அதே பிரிவு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து இரண்டு வருடத்துக்கு மேலாகியும் வேலை கிடைக்காத மாற்றுத்திறனாளிக்கு வேலையில்லா உதவித்தொகை, பார்த்துக்கொள்பவருக்குப் படி என்று தனித்தனியாகப் பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலை எழுதியவர்களுக்கு வருமானமும் செலவும் வேறு வேறு என்று தெரிந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், முதலில் செய்ய வேண்டியது தொகையை விலைவாசியோடு கட்டுவது. அரசு ஊழியருக்கு அகவிலைப்படி வருடம் இரண்டு முறை உயர்கிறது; அதே கணக்கை இதற்கும் போடலாம், ஒவ்வொரு தேர்தலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்து, மருத்துவரின் சான்றிதழோடு ஒரு பக்கம் சேர்க்கலாம்: இவர் என்ன வேலை செய்தவர், அந்த வேலையை இனிச் செய்ய முடியுமா, வேறு என்ன செய்ய முடியும்? இழப்பீட்டு வழக்குகளில் கேட்கும் அதே கேள்விகள். இதற்கு மருத்துவர் மட்டும் போதாது, தொழிலாளர் துறை அலுவலர் ஒருவரும் உட்கார வேண்டும். மூன்றாவதாக, ஓய்வூதியமா பராமரிப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் விதியை எடுத்துவிட வேண்டும். பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஆந்திரா நம்மைவிடப் பணக்கார மாநிலம் இல்லை.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது உதவலாம் என்பதற்காக ஒன்று. சான்றிதழில் சதவீதம் குறைவாகப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றினால் அதோடு விட்டுவிட வேண்டாம். 2016 சட்டத்தின் 59-வது பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருக்கிறது. 2021 ஜூன் முதல் சான்றிதழ் எல்லாம் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இணையதளம் வழியாகத்தான். கையில் பழைய தாள் சான்றிதழ் மட்டும் இருந்தால் அதை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். 2018-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில், மாற்றுத்திறனாளிகளில் பத்தில் ஏழு பேரிடம் சான்றிதழே இல்லை என்று தெரிந்தது. சதவீதத்தைப் பற்றிய இத்தனை பேச்சும் முதல் கதவையே தட்டாத அந்த ஏழு பேருக்குப் பொருந்தாது. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். இ-சேவை மையத்துக்குத் தனியாகப் போகும் நிலையில் அவர் இருக்கமாட்டார்.

சித்தப்பாவுக்குப் பணம் மாத முதல் வாரத்தில் வருகிறது. வங்கியின் சார்பில் ஒரு பெண் சின்ன மெஷினோடு ஊர்ச் சாவடிக்கு வந்து உட்காருவார். விரல் ரேகை வைக்க வேண்டும். முப்பது வருடம் சிமெண்டு பிசைந்த கை, ரேகை தேய்ந்து போயிருக்கிறது. வலது கட்டைவிரல் ஏறாது, ஆள்காட்டி விரல் ஏறாது. சித்தி முந்தானையை நனைத்து விரலைத் துடைத்துக் கொடுப்பார். இடது கை நடுவிரல் மூன்றாவது தடவையில் ஏறும். போன மாதம் அதுவும் ஏறவில்லை. "நாளைக்கு வாங்கண்ணே, மெஷின் சூடாகிடுச்சு" என்று அந்தப் பெண் ஆறுதலாகச் சொல்லி அனுப்பினார். மறுநாளும் வருவதற்காகச் சித்தி சித்தாள் வேலைக்கு லீவு போட்டார். அவருக்கு அன்றைய கூலி 600 ரூபாய்.